சொல்லிலாப் படநூலும் புலம்பெயர் சிறாரும்
ராயப்பேட்டைத் தொடக்கப்பள்ளி வகுப்பொன்றை முன்வைத்து

எழுத்தும் சொல்லும் இன்றிப் படங்களின் வரிசையாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் நூல்கள் கடந்த சில பத்தாண்டுகளாக உலகின் பல பகுதிகளிலும் வெளிவருகின்றன. இவற்றைச் 'சொல்லில் படநூல்' என வழங்குவது இலக்கணத்திற்கு இயைவதே. ஆயினும், 'சொல்லில்' என்பதை ஏழாம் வேற்றுமையாகக் கொண்டு மயங்குவார் உளர் ஆதலின், 'சொல்லிலாப் படநூல்' என்றே ஈண்டு வழங்குவோம். சொல்லே இல்லாத நூலுக்குத் தமிழாராய்ச்சி இதழில் என்ன இடம் என்று வினவுவார்க்கு விடை கூறுதல் எளிது. நூலிற் சொல் இல்லையெனின் அதனைப் படிப்போரிடமிருந்தே சொல் பிறத்தல் வேண்டும். அச்சொல் யாருடையது, எம்மொழியைச் சார்ந்தது, அது பிறவாது போயின் அதற்குக் காரணம் யாது என்பன மொழியைப் பற்றிய வினாக்களே. அவற்றுள்ளும், ஊர்விட்டு ஊர் வந்தோரைப் பற்றிய படநூலை, அவ்வாறு வந்த சிறுவன் ஒருவன் அமர்ந்திருக்கும் தமிழ் வகுப்பில் விரித்து வைக்கும்போது நிகழ்வதனையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

யாம் கண்ட வகுப்பு ராயப்பேட்டையில் உள்ளது. மணிக்கூண்டிற்கு நடந்து செல்லும் தொலைவில் அமைந்த தொடக்கப்பள்ளி அது. பெயர் இங்கு வேண்டா. ராயப்பேட்டை பல காலமாக வந்தேறியோரின் பேட்டை. 1855இல் ஆர்க்காட்டு நவாபுப் பட்டம் ஒழிக்கப்பட்டுச் சேப்பாக்கம் அரண்மனையும் கைவிட்டுப் போன பின்னர் அக்குடும்பத்தார் வந்து தங்கிய அமீர் மகால் இங்கேதான் உள்ளது. உருதுவை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் இதன் தெருக்களிற் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தோரும் பலர். இப்பொழுது கட்டட வேலைக்கும், மெட்ரோ இருப்புப்பாதைப் பணிக்கும், உணவு விடுதிகளுக்கும் பீகார், ஜார்க்கண்டு, ஒடிசா, நேபாளம் முதலிய இடங்களிலிருந்து ஆட்கள் வருகின்றனர். அவருட் சிலர் மனைவி மக்களோடு வருகின்றனர்.

அம்மக்கள் பள்ளிக்கு வருங்கால் நேர்வது யாது? 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், முன்பு பள்ளியிற் சேராத குழந்தையை அதன் அகவைக்கு உரிய வகுப்பிலேயே சேர்த்தல் வேண்டும் என்கின்றது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டமோ தமிழை எல்லாப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. இரண்டும் வேண்டிய சட்டங்களே. ஆயின் இவ்விரண்டும் ஒருங்கே வந்து கூடும் இடத்தில், ஒன்பது அகவையுடைய சிறுவன் ஒருவன் தமிழில் ஓரெழுத்தும் அறியாதவனாய் நான்காம் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்கின்றான். அவனுக்கெனத் தனிப்பயிற்சி தரவேண்டும் என்று சட்டம் கூறினும் அப்பயிற்சி வாய்க்கும் வரை அவன் வாய் திறவான். சில திங்களில் அவனது வாய்பேசாமை 'மந்தம்' என்னும் பெயர் பெறுகின்றது. யாம் கண்ட சிறுவன் பீகாரிலிருந்து வந்தவன். அவனைப் பற்றி எமக்கு முதலில் உரைக்கப்பட்டதும் அச்சொல்லே.

வகுப்பிற்கு யாம் எடுத்துச் சென்ற நூல் ஷான் டான் என்பார் வரைந்து 2006இல் ஆத்திரேலியாவில் வெளிவந்த 'வருகை'. டான் பெர்த்து நகரில் வளர்ந்தவர். அவர்தம் தந்தையார் மலேசியாவிலிருந்து அங்குக் குடியேறியவர். பழைய ஒளிப்படத் தொகுப்பின் மங்கிய பழுப்பு நிறத்தில் இந்நூற் படங்கள் அமைந்துள்ளன. மனைவியையும் மகளையும் விட்டு ஒருவன் கடல் கடந்து செல்கின்றான். அவன் சென்றடையும் நகரம் எந்நாட்டிலும் இல்லாதது. அங்குள்ள விலங்கும் காயும் ஊர்தியும் எவரும் முன்பு கண்டறியாதன. எல்லாவற்றினும் நுட்பமானது, அந்நகரத்து எழுத்து. அது நூலாசிரியர் தாமே படைத்துக்கொண்ட எழுத்து ஆதலின் உலகில் ஒருவராலும் அதனைப் படிக்க இயலாது. எழுத்தறிந்த பெரியாரும் அறியாச் சிறாரும் அதன்முன் ஒரு நிலையினரே. ராயப்பேட்டை வகுப்பில் இது பெரிய உண்மையாக வெளிப்பட்டது. 'இது என்ன எழுத்து?' என்று நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி வினவ, ஆசிரியை 'எனக்கும் தெரியாது' என்று விடையிறுத்தார். கடைசி வரிசைச் சிறுவன் அப்பொழுதுதான் முதன்முறையாகத் தலைநிமிர்ந்து நூலை நோக்கினான்.

நூலின் முதற்பக்கம் ஒன்பது சிறு கட்டங்கள் உடையது. தாளில் மடித்த பறவை, கடிகாரம், ஆணியில் தொங்கும் தொப்பி, விளிம்பு உடைந்த தேநீர்க் கெண்டி, குழந்தை வரைந்த படம், குடும்ப ஒளிப்படம் என வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒரு மனிதனின் முகமும் முழுமையாகக் காட்டப்படுமுன் ஒரு வீடு காட்டப்பட்டுவிடுகின்றது. சங்கப் பாடலிற் கருப்பொருளை முன்னிறுத்தி உரிப்பொருளைப் பின்னர்ப் பெறவைக்கும் முறையை அறிந்தார்க்கு இது புதிதன்று. நூலின் இறுதிப் பகுதியில், மனைவியும் மகளும் வந்து சேர்ந்த பின்னர், அதே ஒன்பது கட்டங்கள் மீண்டும் வருகின்றன. பொருள்கள் மட்டும் புதிய நாட்டுக்குரியனவாய் மாறிவிடுகின்றன. கதையின் பொருள் முழுவதும் இவ்விரு பக்கங்களுக்கு இடையே நிகழும் மாற்றத்திலேயே அடங்கியுள்ளது என்பது எம் கருத்து.

இனி, யாம் செய்த பிழையைக் கூறுதல் கடன். முதல் நாளில் இரண்டு தவறுகள் நிகழ்ந்தன. பக்கத்தைப் புரட்டப் புரட்ட ஆசிரியை கதையைத் தாமே சொல்லத் தொடங்கினார். 'பாருங்கள், அப்பா ஊருக்குப் போகிறார், அம்மா அழுகிறார்' என்று அவர் உரைத்தவுடன் முப்பது கண்ணிணைகளும் படத்தை விட்டு அவர் முகத்திற்குச் சென்றன. சொல்லிலா நூல் அக்கணமே சொல்லுள்ள நூலாயிற்று. அச்சொல்லும் தமிழாதலின் அவ்வொரு சிறுவன் பழையபடி வெளியே நின்றான். மற்றொரு தவறு எம்முடையது, அது கடுமையானது. கப்பலேறும் பக்கம் வந்தபோது, எமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், 'நீ உன் ஊரை விட்டு எவ்வாறு வந்தாய்?' என்று வகுப்பறிய அவனை வினவினோம். அவன் விடை கூறவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பள்ளிக்கு வரவில்லை. உடல்நலக்குறைவு என்று சொல்லப்பட்டது. அவ்வாறே இருத்தலும் கூடும். ஆயினும் எம் நெஞ்சம் அதனை ஏற்கவில்லை. பிறன் கதையைப் பார்க்க வந்தவனை அவன் கதைக்குச் சான்று சொல்ல நிறுத்தியது முறையன்று.

இதன்பின் எவ்வாறு வினவுவது என்னும் வினா எழுந்தது. அதற்கு விடை எமக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிற் கிடைத்தது என்றால் மிகையாகத் தோன்றலாம். நிகழ்ந்தது அதுவே. நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளையும், ஒவ்வொன்றற்கும் நந்நான்காக முப்பத்திரண்டு நிலைக்களன்களையும் அவ்வியல் வகுக்கின்றது. உள்ளத்து நிகழ்வது உடம்பின்கண் புறத்தார்க்குப் புலப்படுவதே மெய்ப்பாடு என்பது உரையாசிரியர் கொள்கை. எனவே முதலிற் காணப்படுவது உடம்பு; அதனின்று அறியப்படுவது மெய்ப்பாடு; பின்னரே அதன் காரணம். எம் வினாவோ இம்முறையைத் தலைகீழாக்கிக் காரணத்திலிருந்து தொடங்கிவிட்டது.

மெய்ப்பாட்டியலின் நிலைக்களன்களை 'வருகை' நூலோடு வைத்து நோக்குவார்க்கு அவற்றின் நுட்பம் வியப்பளிக்கும். அழுகைக்குக் களன் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு. புலம்பெயர்ந்தானின் துயரைப் பொதுவாக 'வறுமை' என்றோ 'இழவு' என்றோ கூறி அமைந்துவிடுகின்றோம். ஆயின் அசைவு என்பதொன்று உண்டு. பண்டு இருந்த நிலை கெட்டு வேறொருவகையாய் வருந்துதல் அது எனப் பேராசிரியர் விளக்குவர். டான் நூலில் இதற்கு ஒரு காட்சி உள்ளது. வேலை தேடி அலைந்த அம்மனிதனுக்குச் சுவரொட்டி ஒட்டும் பணி கிட்டுகின்றது. எழுத்தறியாமையால் அவன் அவற்றையெல்லாம் தலைகீழாக ஒட்டிவிடுகின்றான். தன்னூரில் அறிவுடைய குடும்பத் தலைவனாக விளங்கியவன் இங்கு நகைப்பிற்கு இடமாகின்றான். இதனை வறுமை என்னும் சொல் தொடாது. அசைவு என்னும் சொல்லே தொடும். மருட்கைக்குரிய நான்கனுள் புதுமையும் பெருமையும் நகரத்தைக் காணும் பக்கங்கள் முழுவதும் நிறைந்துள்ளன. அச்சத்திற்குரிய நான்கனுள் 'இறை' என்பது, துறைமுகத்தில் வந்தோரை நிறுத்திச் சோதித்துச் சட்டையிற் சீட்டுக் குத்தும் அலுவலரைக் காண்பார்க்கு உரை வேண்டாமலே விளங்கும்.

இரண்டாம் வாரம் முதல் ஆசிரியை வினவும் முறையை மாற்றினார். 'இவர் கை எங்கே இருக்கிறது? தோள் எப்படி இருக்கிறது? யாராவது அப்படி நின்று காட்டுங்கள்' என்பதே முதல் வினா. இதற்கு மொழி வேண்டா. கடைசி வரிசைச் சிறுவன் மூன்றாம் முறை எழுந்துவந்து, பெட்டியின் மேல் கைவைத்துக் குனிந்து நிற்கும் தந்தையைப் போல நின்று காட்டினான். வகுப்பு அமைதியாயிற்று; ஏனெனில் அவன் மிகச் சரியாக நின்றான். அடுத்து, 'இதற்குப் பெயர் என்ன?' என்னும் வினாவிற்கு வேறொருவன் விடை கூறினான். சுவரொட்டிக் காட்சியில் வகுப்பு முழுதும் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்தபின் ஒரு சிறுமி, 'அவருக்குப் படிக்கத் தெரியாது மிஸ், அதனாலதான்' என்றாள். சற்று நேரம் எவரும் பேசவில்லை. அச்சிறுமி எவனையும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதனையும் குறித்தல் வேண்டும். படம் இடையில் நின்றமையால் ஒருவனைச் சுட்டாமலே அவனைப் பற்றிப் பேச முடிந்தது. இறைச்சி என்றும் உள்ளுறை என்றும் நம் முன்னோர் வகுத்த நெறியில், கூறக் கருதியதைப் பிறிதொன்றின்மேல் வைத்துக் கூறும் நாகரிகம் இதுவே எனலாம்.

மொழியாசிரியர் சிலர் இதனை மறுப்பர். படம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் எழுத்துக் கற்கும் நேரத்தைத் தின்றுவிடும் என்பது அவர் கூற்று. இதனைப் புறந்தள்ளுதல் தகாது. தமிழ்ப் பாடவேளை குறுகியது, தேர்வோ தவிர்க்க இயலாதது. ஆயினும் சொல் கற்கப்படும் இடம் எது என்பதனை நோக்குக. பாடநூலில் வரும் சொல்லுக்குப் பொருளைத் தேடுதல் ஒன்று. கண்ட பொருளுக்குச் சொல்லைத் தேடுதல் மற்றொன்று. உடைந்த கெண்டியைச் சுட்டிய அச்சிறுவன் அதற்குரிய சொல் வேண்டிக் கையை வெட்டுவது போல அசைத்தான். அருகிலிருந்தவன் 'உடைஞ்சிருக்கு' என்றான். மற்றொருத்தி 'விரிசல்' என்றாள். அவ்விரண்டும் ஒன்றா என்பது குறித்து வகுப்பில் எழுந்த வழக்கு ஐந்து நிமையம் நீடித்தது. அவ்வழக்கைச் செவிமடுத்துக்கொண்டிருந்த சிறுவன் இரண்டு சொற்களையும் கற்றான். மற்றையோர் அவற்றின் வேறுபாட்டைக் கற்றனர்.

பிறநாட்டு முயற்சிகளும் இதற்குத் துணைநிற்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து ஏதிலியர் வந்திறங்கும் இத்தாலியின் லாம்பெடூசாத் தீவில், அங்குள்ள சிறார்க்கும் வந்த சிறார்க்கும் பொதுவான நூலகம் அமைக்க வேண்டி, அனைத்துலக இளையோர் நூல் மன்றம் 2012இல் சொல்லிலாப் படநூல்களைப் பல நாடுகளிலிருந்தும் திரட்டத் தொடங்கிற்று. கிளாசுகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஈவ்லின் அரிசுப்பே முதலிய ஆய்வாளர் 'வருகை' நூலையே பல நாட்டுக் குடியேறிய சிறாரோடு குழுவாக அமர்ந்து படித்து, அவர் கூறியவற்றையும் வரைந்தவற்றையும் ஆராய்ந்து 2014இல் நூலாக வெளியிட்டனர். அவர்கள் தெரிந்தெடுத்த சிறார் பெரும்பாலும் பத்து அகவையை ஒட்டியவர். எம் பட்டறிவும் அதற்கு மாறானதன்று. நான்காம் ஐந்தாம் வகுப்பிற்கு முன்னர் இந்நூலின் நீளம் சுமையாகும். பெரு நாட்டு இசா வாட்டனபே 2019இல் வெளியிட்ட படநூல் ஒன்றும் புலம்பெயர்வோரைப் பற்றியதே; ஆடையணிந்த விலங்குகள் இருண்ட காட்டினூடே நடக்க, சாவு எலும்புருவாக அவற்றைப் பின்தொடர்கின்றது. மிகச் சிறந்த நூல். ஆயினும் தொடக்கப்பள்ளிக்கு யாம் அதனைப் பரிந்துரையோம்.

ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. 'வருகை'யின் தொப்பியும் தோற்பெட்டியும் நீராவிக் கப்பலும் மேனாட்டார் குடியேற்றத்தின் அடையாளங்கள். ராயப்பேட்டைச் சிறார்க்கு ஊர்ப்பயணம் என்பது இருப்பூர்தியின் பொதுப்பெட்டியும் சாக்குமூட்டையுமே. ஆதலின் நம்மிடத்தே உள்ள படங்களையும் நாடுதல் வேண்டும். பீகாரின் மிதிலை ஓவிய மரபினரான அம்ரிதா தாசு, இருப்பூர்தியிற் கண்ட ஏழைப்பெண் ஒருத்தியை எண்ணி வரைந்த நூலைச் சென்னைத் தாரா பதிப்பகம் 2013இல் வெளியிட்டது. அதிற் சொற்கள் உள. தாள்துண்டால் அவற்றை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டலாம். யாம் அவ்வாறே செய்தோம்.

இதனினும் தொன்மையானது காஞ்சியில் உள்ளது. வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மண்டபச் சுவர்களில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களில் அமைக்கப்பட்டுள்ளது என்பது வரலாற்றறிஞர் நன்கறிந்தது. அவற்றுள் ஒரு பகுதி, எட்டாம் நூற்றாண்டில் ஆட்சிக்கு வந்த நந்திவர்மப் பல்லவமல்லனின் இளமையைப் பற்றியது. அரசன் இறந்தமையால் காஞ்சி அரசிழந்து நிற்க, அந்நாட்டு முதன்மையோர் இரணியவர்மனிடம் சென்று அவன் மக்களுள் ஒருவனை வேண்டுகின்றனர். மூத்தோர் மறுக்க, பன்னிரண்டு அகவையே நிரம்பிய இளைய மகன் 'யான் செல்வேன்' என முன்வருகின்றான். தந்தை தயங்குகின்றான், பின்னர் இசைகின்றான். சிறுவன் மலையும் காடும் கடந்து காஞ்சி சேர்கின்றான். இரணியவர்மனின் நாடு எது என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமைப்பாடு இல்லை. அவ்விவாதம் வகுப்பறைக்கு வேண்டா. பன்னிரண்டு அகவைச் சிறுவன் தந்தையின் இல்லத்தை விட்டு அறியா ஊருக்கு நடந்தான் என்பதே வேண்டுவது. சிற்பங்களிற் சிலவற்றின் கீழ் விளக்கக் கல்வெட்டு உண்டு. அதனை அறியாதார்க்கும் படம் பேசும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இச்சிற்ப வரிசையை நல்ல ஒளிப்படங்களாக அச்சிட்டுப் பள்ளிகளுக்கு வழங்கின் அதுவே நம் நாட்டுச் சொல்லிலாப் படநூலாகும். பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று இது. வெளிநாட்டுப் படநூல் ஒன்றன் விலைக்கு வகுப்பொன்றிற்கு ஒரு படியே வாங்க இயலும் நிலையில், இம்முயற்சி காலந்தாழ்த்தற்கு உரியதன்று.

புலம்பெயர்வு வடநாட்டுச் சிறாருக்கே உரியது என்று எண்ணுதலும் பிழை. 'புலம்' என்பது நிலம்; அதனின் பெயர்தல் புலம்பெயர்தல். தொல்காப்பிய உரியியல் 'புலம்பு' என்னும் சொல்லுக்குத் தனிமை என்று பொருள் கூறும். இரண்டற்கும் வேர் ஒன்றோ என்பது வேறு ஆராய்ச்சி. ஆயினும் இரண்டும் ஓரிடத்தில் வாழ்வதனை இவ்வகுப்பிற் கண்டோம். நகரத்தின் நீர்நிலைக் கரைகளில் வாழ்ந்தோர், 2000 முதல் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகர்க்கும், பின்னர்ச் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்கட்கும் பெயர்க்கப்பட்டனர். புகாரை விட்டுக் கணவனோடு மதுரைக்கு நடந்தவளின் பெயரை அக்குடியிருப்புக்குச் சூட்டியோர் அதனை எண்ணித்தான் சூட்டினரோ, அறியோம். வகுப்பில் ஒரு சிறுமியின் சிற்றன்னை குடும்பம் அங்குச் சென்றுவிட்டது. நூலிற் குடும்பம் பிரியும் பக்கத்தைக் கண்டவுடன் அவள்தான் முதலிற் பேசினாள், பீகார்ச் சிறுவன் அல்லன்.

இறுதி வாரத்தில், நூலின் முதற்பக்கத்தைப் போல ஒன்பது கட்டங்கள் கீறி, வீட்டில் உள்ள ஒன்பது பொருள்களை வரையுமாறு ஆசிரியை பணித்தார். ஊரைப் பற்றி வரையவேண்டும் என்று எவருக்கும் கூறவில்லை. நெகிழிக் குடம், இட்லிக் குண்டான், தொழுகைப் பாய், பள்ளிப்பை, மின்விசிறி எனப் பல வந்தன. பீகார்ச் சிறுவன் எட்டுக் கட்டங்களில் இங்குள்ள அறையின் பொருள்களை வரைந்து, ஒன்பதாவதில் ஒரு முறத்தை வரைந்தான். அவர்தம் அறையில் முறம் இல்லை என்பதனை யாம் பின்னரே அறிந்தோம். அதனை உயர்த்திக் காட்டி அவன் 'சூப்' என்றான். பிள்ளைகள் குடிக்கும் சூப் என்று கருதிச் சிரித்தனர். அவன் இரு கைகளாலும் புடைத்துக் காட்டவே, 'முறம்' என்றனர் பலர். நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, 'இல்லை, இது சுளகு' என்று எழுந்து நின்றாள். முறமா சுளகா என்று வகுப்பு இரண்டுபட்டது. வடமொழிச் 'சூர்ப்பம்' என்பதே அவன் கூறிய சொல்லின் முன்னோன் என்றும், சூர்ப்பணகையின் பெயரில் நாம் அதனை நெடுங்காலமாக வழங்கிவருகின்றோம் என்றும் எம்மால் கூறியிருக்க இயலும். அவ்விடத்தில் அது வேண்டப்படவில்லை. ஆசிரியை கரும்பலகையில் மூன்று சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். மூன்றாவதனைச் சரியாக ஒலிக்குமாறு சிறுவனை அழைத்தார். அவன் முன்வந்து ஒலித்தான். முப்பதின்மரும் திருப்பிக் கூறினர். ஒருவன் தவறாகக் கூற, அவன் திருத்தினான்.